தவக்காலம் கழித்துத் திறந்த மதகு

மாவட்டச் சிறை
அக்டோபர் 3, 1990

அன்புள்ள அப்பாவுக்கு,

அல்சீட் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சிறைச் சோற்றில் கொஞ்சம் பெருத்துக்கூடப் போனேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படகு எஞ்சின் எப்படி இருக்கிறது? இரண்டில் எது அதிகம் முனகுகிறது?

ஒரு நல்ல செய்தி. என்னை வெளிவேலைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மிசிசிப்பிக் கரையை வெட்டிப் புது மதகு வைக்கிறார்களே, அங்கேதான். மதகிலிருந்து சதுப்புக்குள் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலின் இரண்டு பக்கமும் கல் அடுக்குகிறோம். வேலை செய்கிற நாளெல்லாம் தண்டனையில் கழியும். முழுவதும் முடித்துக் கொடுத்தால், மிச்சத்தையும் கழித்து வெளியே விட்டுவிடுவார்கள் என்று மேஸ்திரி சொல்கிறார். யாராவது வழக்குப் போட்டு வேலை நின்றால் மட்டும் எங்களை மறுபடி உள்ளே அடைத்துவிடுவார்கள். அப்புறம் முழுத் தண்டனைதான்.

பொறியாளர் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை கட்டியதால் வண்டல் சதுப்புக்கு வராமல் ஆழ்கடலில் போய் விழுகிறதாம். அதனால்தான் புல்தரை கரைந்து கடலாகிறதாம். நமக்குச் சொல்லவா வேண்டும்! நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன வழியில் இப்போது டால்பின் போகிறது.

அப்பா, நான் ஏன் சந்தோஷமாக இருக்கிறேன் தெரியுமா? இந்த ஆற்றுத் தண்ணீர் வந்தால் உப்புக் குறையும். உப்புக் குறைந்தால் சிப்பி ஓட்டில் துளை போட்டுத் தின்னும் நத்தை சாகும். கடல் பக்கம் நாம் சிப்பி வளர்க்கும் வெளிப் படுகை பிழைத்துக்கொள்ளும். அந்தப் படுகைச் சிப்பியைத் திருடியவனை நான் கம்பால் அடித்து அவன் இடுப்பு போனது. அதற்குத்தான் இங்கே இருக்கிறேன். இப்போது இங்கிருந்தபடியே அதே படுகைக்கு வேலை செய்கிறேன். கடவுளுக்குக் கணக்குத் தெரியும்போல.

படுகை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் மகன்,
அல்சீட்


சான் லூகாஸ் முனை
அக்டோபர் 14, 1990

அன்பு மகன் அல்சீட்டுக்கு,

உன் அப்பன் இர்வன் அசெவாடோ எழுதுவது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, எழுத்துப் பிழைகளை மன்னிக்கவும். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு முறை படித்ததால் ஒன்பது வருடப் படிப்பு என்று சொல்லிக்கொள்வேன்.

முழங்காலும் எஞ்சினும் பேசி வைத்துக்கொண்டு முறைபோட்டு முனகுகின்றன. போன வாரம் கரையில் நின்று படகுக்குள் குதித்தேன். படகு நகர்ந்துவிட்டது. என்னைத் தூக்கிவிட்ட ஃபிலிபெர்ட் சித்தப்பா, "இர்வன், உனக்கு ஐம்பது வருஷமா தண்ணியோட பழக்கம், அதுக்குத்தான் இன்னும் உன்னைத் தெரியல"ன்னு சொல்லி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்.

நீ கல் அடுக்குவது கேட்டு மகிழ்ச்சி. நேராக அடுக்கு. அசெவாடோ குடும்பத்தில் நேராக எதையும் செய்தவர் இல்லை. நீ முதலாவதாக இரு.

படுகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். படுகை எங்கே போகும்? தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வேறென்ன எழுத? திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் தீய்ந்துவிட்டது. அதையே தின்றேன்.

குளிர் வருகிறது, கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்.

அப்பா


சான் லூகாஸ் முனை
அக்டோபர் 20, 1990

அன்பு மகள் நெல்டாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஹூஸ்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். சுகமா என்று கேட்காதே.

உன் தம்பியின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. படித்தால் உனக்கே புரியும். பையன் வெளிப் படுகையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கல் அடுக்குகிறான். அது செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் உள்ளே போன அடுத்த வருடமே நத்தை முழுதும் தின்றுவிட்டது. ஊரிலுள்ள எல்லோரையும்போல நானும் எல்லைக் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு உள் ஏரிக்கு வந்துவிட்டேன். கடல் எங்களைத் துரத்தியது, நாங்கள் ஆற்றுப் பக்கமாக ஓடி வந்தோம். இப்போது புது வாய்க்கால் எங்கே கொட்டப் போகிறது தெரியுமா? நேராக உள் ஏரியில். வாய்க்கால் வாயிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் என் படுகை. அவ்வளவு கிட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் விழுந்தால் உப்பில்லாமல் சிப்பியே செத்துவிடும்.

இதில் சிரிப்பதற்கு ஒன்று இருக்கிறது. இந்த மதகைக் கொடுங்கள் என்று இருபது வருடம் மனுப் போட்டவர்கள் நாங்கள்தான். வெளிப் படுகையில் இருந்தபோது கேட்டோம். உள் ஏரிக்கு வந்தபிறகு கொடுக்கிறார்கள்.

ஃபிலிபெர்ட் வழக்குப் போட வேண்டும் என்கிறான். வாய்க்காலுக்கு முதலில் இருப்பது என் குத்தகை. நான் சேராமல் வழக்கு நிற்காதாம். நான் சேர்ந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் உன் தம்பி உள்ளே.

அவனிடம் எதுவும் சொல்லிவிடாதே. எந்த இடத்துக்காக ஒருவனை முடமாக்கிவிட்டு உள்ளே போனானோ, அந்த இடத்தை நான் விட்டுவிட்டு வந்தேன் என்று எப்படி எழுதுவது? ஒன்பது வருடப் படிப்பில் அதற்கு வார்த்தை சொல்லித் தரவில்லை.

அன்புடன் அப்பா


ஹூஸ்டன்
நவம்பர் 6, 1990

அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மாப்பிள்ளைக்குச் சளி. அதையும் நலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படித்ததும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. அவனுக்கு முப்பது வயது, அப்பா. பிடி கொடுக்காமல் தமாஷ் பண்ணித் தூங்க வைக்க அவன் குழந்தை இல்லை. "படுகை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது" என்று அவனுக்கு எழுதியதைப் பெருமையாக என்னிடம் போனில் சொன்னீர்களே, அது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டா நிம்மதியாகத் தூங்குகிறீர்கள்?

அம்மா சாகக் கிடந்தபோதும் இதைத்தான் செய்தீர்கள். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லாமல், கிறிஸ்துமஸுக்கு நடனத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். அம்மா எனக்கு ஜாடை காட்டி, "உங்க அப்பா சந்தோஷமா இருக்கட்டும் விடு"ன்னாள். கடைசியில் அம்மாதான் உங்களைத் தேற்றிவிட்டுப் போனாள்.

நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் என்னிடம் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

குளிரில் படகில் போகும்போது மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

நெல்டா


சான் லூகாஸ் முனை
டிசம்பர் 9, 1990

அன்பு மகள் நெல்டாவுக்கு,

மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? உன் கடிதத்தைப் படித்தபின் எனக்குப் பிடித்துக்கொண்டது.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது எனக்குத் தெரியாது. சரி, விடு.

ஃபிலிபெர்ட் வந்தான். கூடவே அவன் மச்சான்கள் இருவர். நான் காப்பி போட்டேன். குடிக்கவில்லை. என் காப்பியை யாரும் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

"என்ன முடிவு பண்ணினே?"

"யோசிக்கிறேன்."

"நீ யோசிச்சு நான் பார்த்ததே இல்லையேடா. இப்ப மட்டும் என்ன?"

"அல்சீட் வெளிய வரட்டும், ஃபிலி."

"வந்து? வந்து எதைத் திம்பான்? உன் பையன் ஒருத்தன் வெளிய வர, பதினாறு வீடு வாயில மண்ணா?"

"குளிர்காலத்துலதான் திறக்கப் போறாங்க. எழுதியே குடுத்திருக்காங்க. குளிர்ல சிப்பி வாயை மூடிக்கிட்டுக் கிடக்கும். ஆத்துத் தண்ணி மேல போனாலும் தாங்கும். வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளி வெளிப் படுகைக்குக் கொண்டு போயிடலாம். ஆத்துத் தண்ணி போய் நத்தையும் அதுக்குள்ள செத்திருக்கும். கோடையில மதகைத் திறந்தாத்தானே சிப்பி வாயைத் திறந்து சாகும்?"

"அவங்க சொன்ன தேதியில அவங்க அப்பன்கூடப் பொறந்திருக்க மாட்டான்" என்றான் ஃபிலிபெர்ட். எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி, "என் பிள்ளைங்க யாரும் ஜெயிலுக்குப் போகல. அது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் என் படகின் கயிற்றை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். படகு தானாகவே எதிர்க்கரைக்குப் போய்ப் புல்லில் சாய்ந்து கிடந்தது. ஓட்டுநர் இல்லாமல் இதுவரை அது இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை. ஞாயிறு பூசையில் என் பக்கத்து இருக்கை காலி. கை கால் நீட்டி வசதியாக ஜெபித்தேன்.

ஆனால் நான் சொன்னது உண்மை, நெல்டா. பிப்ரவரி முதல் வாரம் திறப்பதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரி என்றால் பையனும் பிழைப்பான், சிப்பியும் பிழைக்கும். அதன் பிறகு அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்கிறேன். இது சத்தியம்.

அப்பா


மாவட்டச் சிறை
ஜனவரி 12, 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

புது வருடம் நல்லபடியாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நான் தெம்பாக இருக்கிறேன். கை மட்டும் கல்லோடு கல்லாகிவிட்டது.

வாய்க்கால் முடிந்தது! கடைசிக் கல்லை வைத்தபோது மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "டேய் தீவுக்காரா, நீ வைடா" என்றார். நம் முன்னோர் தீவிலிருந்து வந்தவர்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. வைத்தேன். அதன் அடியில் நம் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருக்கிறேன். யாரும் பார்க்க முடியாது. தண்ணீர் மட்டும் பார்க்கும்.

திறப்பு விழா முடிந்ததும் எங்கள் குழுவின் காகிதங்களை மேலே அனுப்பப் போகிறார்களாம். அப்புறம் சில வாரம்தான். வெளியே வந்த அன்றே படகை எடுத்துக்கொண்டு வெளிப் படுகைக்குப் போக வேண்டும். கரைக்குக்கூடக் கொண்டுவராமல், அங்கேயே படகு விளிம்பில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்து தின்ன வேண்டும். இங்கே ஒரு கிழவன் என்னிடம், "தூக்கத்தில் எதையோ உறிஞ்சுகிறாயே, என்ன பெண்ணா?" என்று கேட்டான். சிப்பி என்றேன். நம்பவில்லை.

ஃபிலிபெர்ட் சித்தப்பாவுக்கும் ஊரில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இந்தத் தண்ணீர் அவர்களுக்கும்தானே.

உங்கள்,
அல்சீட்


சான் லூகாஸ் முனை
பிப்ரவரி 2, 1991

நெல்டா,

நலம் விசாரிக்க மறந்தால் மன்னித்துக்கொள். கை ஓடவில்லை.

வியாழக்கிழமை மாவட்ட மண்டபத்தில் விழாவைப் பற்றிக் கூட்டம். நாங்களும் போயிருந்தோம். மேடையில் ஐந்தாறு கோட்டுக்காரர்கள். சேதி இதுதான்: தவக்காலத்துக்கு முந்தைய மார்டி கிராஸ் திருவிழா ஊர்வலங்கள் நடக்கும் சமயத்தில் ஒரு பேண்டுக் குழுவும் கிடைக்கவில்லை. எல்லாக் குழுவும் போன வருடமே பேசி முடித்தாயிற்று. ஆகவே விழாவை அதற்கு அடுத்த வாரம், சாம்பல் புதனுக்குப் பிறகு, தவக்காலத்தில் வைக்கலாமா, தீவுக்காரர்கள் வருவீர்களா என்று கேட்டார்கள்.

ஃபிலிபெர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக ஒரு ஆள் என்னோடு பேசியதில்லை, நெல்டா. அவ்வளவு பேர் கூடியிருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. எழுந்தேன்.

"ஐயா, தவக்காலத்துல எங்களுக்கு பேண்டும் கிடையாது, பீரும் கிடையாது. பேண்டு இல்லாம மதகைத் திறந்தா தண்ணி வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய வராது. ஈஸ்டர் போகட்டும், விழாவை வைங்க. நானே மூட்டை மூட்டையா சிப்பி கொண்டு வந்து உரிச்சுத் தரேன்!"

மண்டபமே சிரித்தது. ஃபிலிபெர்ட்கூட மூக்கால் சிரித்தான். கோட்டுக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரு. அசெவாடோ சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் இரண்டு கையையும் உயர்த்தி வணங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

விழாதான் தள்ளிப்போகும், தண்ணீர் சொன்ன தேதிக்கு வரும் என்று நான் நினைத்தேன். தேதி கொடுத்திருந்தார்களே. விழா இல்லாமல் எவனாவது மதகைத் திறப்பானா? எட்டாவதை மூன்றாம் முறை படித்திருந்தாலும் இதில் தேறியிருக்க மாட்டேன். நேற்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மதகைத் திறந்து வைக்க வரும் பெரிய மனிதருக்கு ஏப்ரலில் நேரமில்லையாம். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. மே மாதம், நெல்டா. உள் ஏரியில் அப்போது கால் வைத்தால் சூடான கஞ்சியில் வைத்த மாதிரி இருக்கும்.

இப்போது வழக்குப் போட்டாலும் காலம் கடந்துவிட்டது என்கிறார் வக்கீல். ஃபிலிபெர்ட் என்னைத் திட்டக்கூட இல்லை. கடை வாசலில் நின்று, "பேண்டு வரட்டும், பேண்டு வரட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா


மாவட்டச் சிறை
மார்ச் 10, 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாயிற்று. தவக்காலத்தில் எழுதுவதையும் விட்டுவிட்டீர்களா? சுகம்தானே?

விழாவைத் தள்ளிப்போட வைத்தது நீங்கள்தானாமே! பேண்டு இல்லாவிட்டால் தண்ணீர் வெட்கப்படும் என்று சொன்னீர்களாம். மேஸ்திரி தினமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "உங்கப்பன் பெரிய ஆளுடா" என்கிறார். என் விடுதலை இரண்டு மூன்று மாதம் பின்னால் போகிறது, அதற்காகக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதற்குப் பதில் கேளுங்கள்: விழாவில் பரிமாற ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானும் ஒருவன். வெள்ளைச் சட்டை தருகிறார்கள். நீங்கள் உரித்துக் கொடுக்க நான் தட்டில் கொண்டுபோக வேண்டும்!

நம் வெளிப் படுகையிலிருந்தே கொண்டுவாருங்கள். கோட்டுக்காரர்கள் ஒரு தடவையாவது நல்ல உப்பைத் தின்னட்டும்.

உங்கள்,
அல்சீட்


சான் லூகாஸ் முனை
ஏப்ரல் 21, 1991

அன்பு மகன் அல்சீட்டுக்கு,

தாமதத்துக்கு மன்னி. முதுகு பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடி எழுதுகிறேன். இந்த வயதில் கொஞ்சம் கூடுதலாகப் படகில் போய் வந்தேன், அவ்வளவுதான். உதவிக்கு ஆள் கூப்பிடவில்லை. ஊரில் எல்லோருக்கும் வேலை.

வெள்ளைச் சட்டையில் கறை படாமல் பார்த்துக்கொள். சாப்பிடு. தூங்கு.

அப்பா


சான் லூகாஸ் முனை
மே 19, 1991

அன்பு மகள் நெல்டாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த மாதம்தான் டாக்டரிடம் போக வேண்டும் என்றாயே. எழுது.

விழா முடிந்தது. நீ போனில் கேட்டதை எழுதுகிறேன்.

கரையில் பந்தல், பேண்டு, கொடி. எனக்குத் தனி மேசை. ஐஸ், எலுமிச்சை, உப்பு பிஸ்கட், காரச் சாறு. ஏப்ரல் முழுதும் தனியாகப் படகோட்டி வெளிப் படுகைக்குக் கொண்டுபோய்ப் போட்ட சிப்பியை நத்தை காத்திருந்ததுபோலத் தின்றுவிட்டது. ஆகவே மேசையில் இருந்தது உள் ஏரிச் சிப்பி. நல்ல சிப்பிதான், கொழுத்தது. உப்பு மட்டும் இல்லை.

நம் பையன் வந்தான். வெள்ளைச் சட்டை தோளில் இறுக்கமாக இருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு நடுவில் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறேன். பக்கத்தில் காவலர்.

"என்னப்பா, இளைச்சுப் போயிட்டீங்க."

"நீ பெருத்துட்டே. குடும்பத்துல எடை அப்படியேதான் இருக்கு."

சிரித்தான். நான் ஒன்றைத் திறந்து நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவன் கண் அதன் மேலேயே இருந்தது, நெல்டா. ஜெயிலில் தூக்கத்தில் உறிஞ்சினவன். காவலர் தலையைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனிதர். பையன் ஓட்டை வாயில் கவிழ்த்தான். ஒரு தடவை மென்றான். நிறுத்தினான்.

"இது எங்க எடுத்தது?"

"நம்மளதுதான்."

"நம்மளதுன்னா?"

"தண்ணிக்குள்ளேருந்துதான்டா. மரத்துலயா காய்க்குது?"

அவன் சிரிக்கவில்லை. மெதுவாக விழுங்கினான். வாய்க்காலைப் பார்த்தான். வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்த்தான். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், கல்லெல்லாம் அவன் வைத்ததுதானே. "இது உள் ஏரிச் சிப்பி" என்றான்.

ஃபிலிபெர்ட் வரிசையில் நின்றான். இலவச பீர் என்றால் எதிரியும் வருவான். தட்டை நீட்டியபடி மிகவும் பாசமாகச் சொன்னான்: "நல்லாத் தின்னுடா, அல்சீட். உன்னை வெளிய கொண்டுவர உங்கப்பன் எங்க எல்லாரோடதையும் சேத்து வித்திருக்கான். வழக்குல சேர மாட்டேன்னுட்டான், மகராசன். இதுதான் கடைசி விளைச்சல். இன்னொண்ணு எடுத்துக்கோ."

அப்போது பேண்டு ஆரம்பித்தது. மதகு ஏறியது. தண்ணீர் வந்தது. காப்பி நிறம். எல்லோரும் கை தட்டினார்கள். பையன் தட்டை என் மேசையில் வைத்தான். கவனமாக, சத்தம் வராமல் வைத்தான். காவலரிடம், "வேனுக்குப் போறேங்க" என்றான். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வரிசையில் ஆள் இருந்தது, நெல்டா. உரித்தேன்.

அப்பா


மாவட்டச் சிறை
ஆகஸ்ட் 4, 1991

அப்பாவுக்கு,

நான் நலம். விழாவுக்குப் பிறகு நீங்கள் எழுதிய ஐந்து கடிதங்களும் கிடைத்தன. படித்தேன்.

அக்காவிடம் கேட்டேன். எல்லாவற்றையும் எழுதினாள். வெளிப் படுகை செத்தது, நீங்கள் மாறி வந்தது, வழக்கில் சேராதது. எனக்காகச் செய்தீர்கள் என்று அவள் எழுதுகிறாள். ஊரும் அப்படித்தான் சொல்லும். என்னைக் கேட்டீர்களா?

கேட்டிருந்தால் கல்லைக் கீழே போட்டுவிட்டு முழுத் தண்டனையும் அனுபவித்திருப்பேன். அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. பதினாறு வீட்டுச் சிப்பியை என் கையாலேயே கொன்றுவிட்டு, அதற்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பரிமாறவும் செய்தேன். நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். கடைசிக் கல்லின் அடியில் பெயர் கீறியதைக்கூட எழுதினேன். எல்லாம் தெரிந்துகொண்டே பீன்ஸ் தீய்ந்ததைப் பற்றிப் பதில் எழுதினீர்கள்.

நான் அடித்தவன் இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறான். படுகைக்காக அடித்தேன் என்று நாலு வருடம் சொல்லிக்கொண்டேன். அந்தப் படுகை அடுத்த வருடமே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கொஞ்சம் வெட்கப்படக்கூட எனக்கு நீங்கள் வழி விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுகிறார்கள். வாசலுக்கு வர வேண்டாம். மேற்குக் கரையில் இரண்டாவது மதகு கட்டப் போகிறார்கள். கல் அடுக்கத் தெரிந்தவன் என்று மேஸ்திரி எனக்கு நிரந்தர வேலை கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் யார் சிப்பி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. நீங்கள் காட்டிய வழிதான். வசதியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுதினால் தமாஷாக எழுதாதீர்கள்.

அல்சீட்


சான் லூகாஸ் முனை
நவம்பர் 17, 1991

அன்பு மகன் அல்சீட்டுக்கு,

மேஸ்திரியின் விலாசத்துக்கு அனுப்புகிறேன், உன் கைக்கு வரும் என்று நம்புகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லை. அதனால்தான் மூன்று மாதம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை வாசலுக்கு வந்தேன். வராதே என்றாய், வந்தேன். சாலையின் எதிர்ப்பக்கம் வண்டியில் இருந்தேன். நீ மேஸ்திரியின் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன். சாப்பிட ஏதோ கொடுத்தார், தின்றாய். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலையில் சிப்பி எல்லாம் வாய் பிளந்துவிட்டது. ஊரே நாறியது. ஃபிலிபெர்ட் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டான். கப்பல் துறையில் காவல் வேலை. போகும்போது என் வாசலில் வண்டியை நிறுத்தினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று வெளியே வந்தேன். எஞ்சின் சூடாகிவிட்டதாம், தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

பொறியாளர் சொன்னது பொய் இல்லை. நிலம் வருகிறது. வாய்க்கால் வாயில், என் படுகை இருந்த இடத்தில், வண்டல் படிந்து மேடாகிவிட்டது. தண்ணீர் வற்றும்போது முதுகு தெரிகிறது. அதன் மேல் வில்லோ செடிகூட முளைத்திருக்கிறது. போய்க் காலை வைத்துப் பார்த்தேன். நின்றது. நான் பிறந்ததிலிருந்து கரையத்தான் பார்த்திருக்கிறேன். உருவானதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதன் மேல் நின்றேன். அப்போது ஒரு படகு வந்தது. இறங்கச் சொன்னார்கள். தண்ணீராக இருந்தவரை அது என் குத்தகை. தரை தெரிந்தால் அது நிலக் கம்பெனிக்குச் சொந்தமாம். அங்கே பலகை நட்டிருக்கிறார்கள். இப்போது நான் அந்தக் கம்பெனிக்கு வாத்து வேட்டைக்காரர்களைப் படகில் கூட்டிப்போகிறேன். எனக்கு வழி நன்றாகத் தெரியும் என்று பாராட்டுகிறார்கள்.

நீ கேட்டிருந்தாய், "என்னைக் கேட்டீர்களா" என்று. கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. அந்த மேற்குக் கரை மதகையும் ஒருநாள் திறப்பார்கள். விழா வைப்பார்கள். அந்தப் பக்கத்து ஆள் யாராவது மேசை போட்டுச் சிப்பி உரிப்பான். நீ அவனிடம் போ. அவன் ஒன்று தருவான். வாங்கித் தின்று, நன்றாக இருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். எங்கே எடுத்தது என்று கேட்காதே.

குளிர் தொடங்கிவிட்டது. கல் ஈரமாக இருக்கும். கையுறை போட்டுக்கொள்.

அப்பா